தண்ணீரில் நிற்கும் அலமாரி

ரிச்சர்ட்ஸ் டவுனில் பொழுது விடிகிறது. திருப்பத்தூர் போகும் ரயிலுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் வீட்டின் வராந்தாவில் வெறுங்காலோடு நிற்கிறேன். நேற்று மாலை மழையில் நனைந்த பூட்ஸைக் கழற்றும்போது இங்கே வைத்த தகர டப்பாவைக் காணவில்லை. அந்த இடத்தில் எறும்புச் சாரை ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கிறது.

டப்பாவுக்குள் இருப்பவை, விடுமுறை முழுவதும் இந்த ஊர் மரங்களில் நான் பிடித்து, ஊசி குத்தி வைத்த அந்துப்பூச்சிகள். நான் வாத்தியாராக இருக்கும் பள்ளிக்கூடத்தில், ஒரே அறையில் தொடங்கிய மியூசியத்துக்காகச் சேர்த்தவை. எறும்புக்கு ஒரு ராத்திரி போதும். இறக்கைத் தூள்தான் மிஞ்சும்.

வீட்டுக்கார அம்மாள் ஸ்டெல்லா காப்பியோடு வருகிறார். டப்பா எங்கே என்று கேட்கிறேன்.

“பிஸ்கட் டின்னா சார்? எறும்பு வரிசை கட்டி வந்துச்சு. நான்தான் தட்டிட்டு சாப்பாட்டு அலமாரில வச்சேன்.”

சமையலறைக்கு ஓடுகிறேன். வலைக்கதவு போட்ட அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கின்றன. ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவே என் டப்பா. திறந்து பார்க்கிறேன். ஓர் இறக்கைகூடக் குறையவில்லை. போன உயிர் திரும்பி வருகிறது.

எட்டிப் பார்த்த ஸ்டெல்லா அம்மாள், “ஐயோ கர்த்தரே! பூச்சியையா வெண்ணெய் பக்கத்துல வச்சேன்?” என்று அலறுகிறார். கொஞ்சம் ஆறியதும் கேட்கிறார்: “உங்க மியூசியத்துல எறும்புக்கு என்ன சார் பண்றீங்க?”

கற்பூரம், வேப்பிலை என்று எதையோ சொல்லி வைக்கிறேன். எட்டு வருடமாக எறும்பிடம் தோற்றுக்கொண்டிருப்பதைச் சொல்லவில்லை. என் வீட்டுச் சமையலறை அலமாரியும் இப்படித்தான் தண்ணீரில் நிற்கிறது என்பதையும் சொல்லவில்லை.