நெஞ்சு நோவு என்று சொன்ன வீடுகள்

மோனிகாவுக்கு நாற்பத்தொரு வயது. பிரேசர் டவுன் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்பதுதான் வேலை. எத்தனை வயதில் பெரியவளானீர்கள், முதல் பிள்ளை எப்போது, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் இருந்ததா? பதிலைத் தட்டினால் ஆபத்து கூடவா குறைவா என்று டேப்லெட் சொல்லும். கூட என்றால் மேமோகிராம் எடுக்க எங்கள் ஆஸ்பத்திரிக்கு உடனே வரச் சொல்வோம்.

நானும் அவளோடு போகிறவள்தான். மார்பு என்றதும் ஆண்கள் இளிப்பார்கள். பெண்களோ "அந்த எடம்" என்று முனகுவார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்த உறுப்பின் பேரைச் சொல்ல வாய் வராதாம். கேட்டுக் கேட்டு எனக்குக் குமட்டிப்போய்விட்டது.

மோனிகா பிறந்தது கோலார் தங்கவயலில். அப்பா சாலமன் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், இப்போது இவளோடு இருக்கிறார். இவளுக்குப் பதின்மூன்று வயதில் அம்மா நெஞ்சு நோவில் இறந்தார். பெரியம்மாவும் அதே. அந்த ஊரில் நெஞ்சு நோவு என்றால் கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் நோய். வீட்டுக்கு ஒருவராவது அதில் போயிருப்பார்கள். அதனால் மோனிகா தனக்குக் கணக்குப் போட்டபோது, குடும்பத்தில் புற்றுநோய் இல்லை என்று தட்டினாள். ஊரில் இருக்கும் தங்கை ஜெனிஃபருக்கும் அப்படியே. இருவருக்கும் ஆபத்து குறைவு என்று வந்தது.

போன ஜூனில் ராஜலக்ஷ்மி என்ற அம்மாளின் வீட்டுக்குப் போனோம். அவரும் தங்கவயல்காரர்.

"எங்கம்மா நெஞ்சு நோவுல போனாங்கம்மா," என்றார். மோனிகா வழக்கம்போல 'இல்லை'யைத் தொடப் போனாள். அந்த அம்மாள் விடவில்லை. "புண்ணு ஆறவேயில்ல. ரவிக்கை போட முடியாது. நாத்தத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கினே இருப்போம்."

மோனிகா நிமிர்ந்தாள். "உங்கம்மா சுரங்கத்துல எறங்குனாங்களா?"

"பொம்பளைங்கள எங்கம்மா எறக்குனாங்க?"

தெருவுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க வீட்லயும் கொளுத்துனாங்கடி. சர்ச்சுக்குப் போற வீடு. எங்களுக்கு இன்னாத்துக்குடி ஊதுவத்தி?"

நேராக அவள் வீட்டுக்குப் போனோம். சாலமன் டீயில் ரஸ்க்கைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"நைனா, அம்மாவுக்கு மார்ல தானே கட்டி?"

அவர் என்னைப் பார்த்தார். மென்று விழுங்கினார். "ஆமா. அதுக்கின்னா இப்போ? ரெண்டு பொட்டப்புள்ளைங்க. வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நெஞ்சு நோவுன்னு சொல்லிட்டோம்."

"பெரிம்மாவுக்கும்?"

"அவளுக்கும்தான்."

இரண்டு பெண்கள் அழுகிச் செத்ததை ரஸ்க்கோடு சேர்த்துச் சொல்லிவிட்டு அடுத்த துண்டை எடுத்தார். அப்படி ஓர் அருவருப்பு எனக்கு எந்தப் புண்ணைப் பார்த்தும் வந்ததில்லை. இத்தனை மாதமாக எத்தனை தங்கவயல்காரர் வீடுகளில் 'இல்லை' என்று தட்டினோமோ, அதை நினைத்தால் எங்கள் மீதும் வந்தது.

மோனிகா தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "ஜெனி, அம்மாவுக்குக் கேன்சர்டி. மார்ல. பெரிம்மாவுக்கும். நான் போட்ட கணக்கு தப்பு. நாளைக்கே கெளம்பி வா, டெஸ்ட் எடுத்துடலாம்."



"எனக்குக் கட்டி இருக்குதுக்கா. கிறிஸ்துமஸ்ல இருந்து."

"ஏன்டி சொல்லல?"

"நைனா இங்க வந்திருந்தப்போ சொன்னேன். யார் கிட்டயும் வாயத் தொறக்காத, உன் மவளுக்கு மாப்ள பாக்கணும்னாரு. நீ வேற கொறைவுன்னு சொல்லியிருந்தியா, சரின்னு உட்டுட்டேன்."

மோனிகா போனை என் கையில் திணித்துவிட்டுப் பாத்திரம் தேய்க்கும் இடத்துக்கு ஓடினாள். குனிந்து சத்தமாக வாந்தி எடுத்தாள்.

சாலமன் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார். "மெதுவா," என்றார். "பக்கத்து வீட்ல கேக்கும்."