மூன்றாவது க்ளிக்கில் வந்தவர்கள்

மந்தாரக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த அமிர்தத்துக்கு வாய் கொஞ்சம் அதிகம். தொழில் தெரிந்த வாய் என்பதால் ஊர் பொறுத்துக்கொண்டது. அடுத்தவர் கடையில் பத்து வருடம் கல்யாண ஆல்பம் செய்துவிட்டு, 2014இல்தான் சொந்தமாகக் கடை போட்டாள். முகம் தெரிந்தால் வானம் வெளுத்துவிடும், வானம் தெரிந்தால் முகம் கறுத்துவிடும் என்று மற்றவர்கள் கைவிரிக்கிற இடத்தில், ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கிவிடுவாள். யூடியூபைப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டது.

கணவன் கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. அவனுடைய செக்‌ஷனில் ஃபோர்மேன் ராஜாங்கம் ஓய்வு பெற இருந்தார். "எங்க வூட்டுக்காரி எடுத்தா மிஷினும் தெரியும், மூஞ்சியும் தெரியும் சார்" என்று அவரிடம் போய் அளந்துவிட்டு வந்தான். அவளைப் போலவே அவனும்.

விழாவுக்கான குரூப் போட்டோவைச் சுரங்கத்தில் எடுக்க ஒரே ஒரு நாள் அனுமதி. சுரங்கத்தின் விளிம்பில் நிழலான இடமாகப் பார்த்து ராஜாங்கத்தை நிறுத்தினாள். பெர்மனென்ட்காரர்கள் பதினொரு பேரும் அவருக்கு இடப்பக்கம். பின்னால் பள்ளத்தில் மண் வெட்டுகிற சக்கர மிஷின் தெரியட்டும் என்று வலப்பக்கம் இடம் விட்டாள். காமிராவைத் தாங்கியில் பூட்டி, முதல் க்ளிக் அடித்தாள்.

அத்தோடு முடிந்தது என்று அத்தனை பேரும் டீ கேனைப் பார்த்து நடையைக் கட்டினார்கள். "அண்ணே, அசையாதீங்க, இன்னும் ரெண்டு இருக்கு!" என்று அவள் கத்தினாள். யார் கேட்டார்கள்? ராஜாங்கம் மட்டும் நட்டுவைத்த மாதிரி நின்றார். அவள் காமிராவைத் திருகித் திருகி மூன்றாவதை அடிப்பதற்குள், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்த ஆறு கான்ட்ராக்ட் ஆட்கள் அந்தக் காலி இடத்தில் வந்து நின்றுவிட்டார்கள். அதில் கொளஞ்சியும் ஒருவன்.

மறுநாள் மாலை பாராட்டு விழா. படம் சரியாக வராவிட்டால் கடையின் பெயர் போகும். அதைவிட, செக்‌ஷனில் கொளஞ்சியை ஓட்டியே கொன்றுவிடுவார்கள்.

காலையில் மூன்றையும் ஒன்றாக்கினாள். நடந்து போனவர்கள் பாதி உடம்போடு கலங்கித் தெரிந்தார்கள். அசைந்தவர்களை அழிக்க மென்பொருளிலேயே ஒரு வசதி உண்டு. அழுத்தினாள். முதல் படத்தைச் சரியென்று வைத்துக்கொண்டு, அதில் இல்லாத எல்லாவற்றையும் அது துடைத்தது. பதினொரு பேரும் அழகாக நின்றார்கள். மிஷின் தெரிந்தது, மேகம் தெரிந்தது. படம் பிரமாதம்.

கொளஞ்சி இல்லை.

அமிர்தம் உடனே அதை ரத்து செய்துவிட்டு, மூன்றாவது படத்தைத் தனியாகத் திறந்தாள். வெளிச்சம் அதிகம் வைத்த படம் அது. நிலக்கரித் தூசிக்குள்ளே ஒவ்வொரு முகமும் துலக்கமாக இருந்தது. வீட்டில் குளித்து முடித்த கொளஞ்சியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வேலைக் கோலத்தில் இருக்கும் கொளஞ்சியை, நேற்றைய அவசரம் இல்லாமல் இப்போதுதான் நன்றாகப் பார்க்கிறாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பதினொரு பேரை முதல் படத்திலிருந்தும், ஆறு பேரை மூன்றாவதிலிருந்தும், வானத்தை, வெளிச்சம் குறைத்து எடுத்த இரண்டாவதிலிருந்தும் எடுத்துக் கையாலேயே ஒட்டினாள். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

மூன்று மணிக்கு ராஜாங்கம் வந்தார். திரையில் வலப்பக்கம் நின்ற ஆறு பேரையும் குனிந்து பார்த்தார்.

"இவங்கள நீ வெட்டிடுவன்னு இல்ல நெனச்சேன்!"

அமிர்தத்தின் வாய் அன்றைக்குத்தான் தடுமாறியது. "வாணாம்னா எடுத்துடறேங்க சார்."

"யாரு வாணாம்னது? அடியில பேரு போடுவீங்களே, அத அடி. நான் சொல்லிகினே வரேன்."

பதினொரு பெயரும் இனிஷியலோடு தடங்கல் இல்லாமல் வந்தன. வலப்பக்கம் வந்ததும், "கொளஞ்சி..." என்று நிறுத்தினார். "முழுப்பேரு என்னாம்மா?"

"கொளஞ்சியப்பனுங்க. வீ. கொளஞ்சியப்பன்."

நான்கு பெயர்கள் தட்டுத் தடுமாறி வந்தன. கடைசியாக நின்றவனைப் பார்த்து ராஜாங்கம் தலையைச் சொறிந்தார். ஆறு வருடமாக அவனை "தம்பி" என்றே கூப்பிட்டுவிட்டார்.

"பிரிண்டு போட்டுடாத. இப்பதான் ஷிஃப்ட் வுடற நேரம், கேட்டுகினு ஓடியாந்துடறேன்" என்று செருப்பை மாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி, "எல்லா பேருக்கும் முன்னால 'திரு' போடு" என்றார்.

அமிர்தம் முதல் வேலையாக வீ. கொளஞ்சியப்பனுக்குப் போட்டாள்.