ரேஸ் படத்தில் என் மாமனார்

எனக்கு எண்பத்திரண்டு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கை விட்டுப்போனது. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்போடு சரி. ஆகவே நான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள். சனிக்கிழமைகளில் அழுதழுது படித்த தமிழ் இதற்காவது உதவட்டும்.

சொல்லப்போவது ஒரு கார் ரேஸைப் பற்றி. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்பிரிங்வேல் சந்தைக்குப் போவதற்கே மருமகனைக் கூப்பிட வேண்டும். ஆனாலும் சண்டைக்கு முன்பு யேர்மனியில் நடந்த ஒரு ரேஸைப் பற்றி, இந்த மெல்பேர்னில் என்னளவு கேட்டுக் களைத்த பெண் இருக்க மாட்டாள். சண்டை என்றால் எங்கள் சண்டை இல்லை. ஐரோப்பாக்காரர் கடைசியாகப் பெரிதாகப் பிடித்தது.

நான் கலியாணம் முடித்து மன்னாருக்கு வந்தபோதே அந்தப் படம் சுவரில் இருந்தது, திரு இருதய ஆண்டவருக்குப் பக்கத்தில். சுருட்டு மாதிரி நீண்ட கார். அதில் சாய்ந்துகொண்டு ஒரு கறுத்த மனிதர், கண்ணைச் சுற்றி இரண்டு வெள்ளை வட்டம்.

"அப்பு," என்று தகப்பனைக் காட்டினார் என் புருஷன். "கண்ணாடி போட்டிருக்கிறார்."

மாமனார் மலைநாட்டில் ஒரு தோட்டத் துரைக்குச் சாரதியாக இருந்தவர். துரைக்கு ரேஸ் பைத்தியம். விடுமுறைக்குக் கப்பலேறி யேர்மனியில் ரேஸ் பார்க்கப் போனபோது மாமனாரையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து கொஞ்சக் காலத்தில் மாமனார் காய்ச்சலில் போய்விட்டார். என் புருஷன் அப்போது கைக்குழந்தை. பிறகு துரை ஒரு ஆளிடம் இந்தப் படத்தைக் கொடுத்து, ரேஸில் எடுத்தது என்று மட்டும் சொல்லி அனுப்பினாராம். மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டில மனுசன் நல்லா மெலிஞ்சு போனார்" என்றாராம். அதோடு விஷயம் முடிந்தது. என் புருஷனுக்குத் தகப்பனின் முகமென்றால் அந்தப் படம்தான். வேறு இல்லை.

சகல ஆத்துமாக்களின் திருநாளுக்கு அதன் முன்னால் மெழுகுதிரி கொளுத்தினோம். இரண்டாவது மகனின் மூக்கு அப்படியே அப்புவின் மூக்கு என்று ஊரே சொன்னது. இடம்பெயர்ந்தபோது இவர் என் தையல் மெஷினை விட்டுவிட்டுப் படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தையல் மெஷின்தான் எங்களுக்குச் சோறு போட்டது. அதைச் சொன்னால் கோபம் வரும்.

மருமகன் கராஜ் வைத்திருக்கிறார். அங்கே பழைய காரோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் மருமகனின் போனில் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டார். இதில் மாமாவின் அப்பா இருக்கிறார் என்று மருமகன் சொன்னாராம். அவர் ஒரு பழைய கார் சங்கத்துக்குத் தலைவர். படத்தைப் பெரிதாக்கித் தங்கள் கண்காட்சியில் வைக்க வேண்டும், அந்த அப்பாவின் மகனும் வந்து இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டார். எண்பத்தேழு வயதில் இவர் கோட் வாங்கினார். குளியலறைக்குள்ளிருந்து ஒரு கிழமையாகப் பேச்சுச் சத்தம் கேட்டது.

மண்டபத்தில் படம் கதவளவுக்கு நின்றது. சட்டகத்துக்குள் சின்னதாக இருந்தபோது தெரியாததெல்லாம் தெரிந்தது. கையுறை கழற்றிய கை, அவித்து உரித்த முட்டை மாதிரி வெள்ளை. கழுத்துப் பட்டிக்குக் கீழேயும் வெள்ளை. நான் இவரைப் பார்த்தேன். இவர் பேச்சு எழுதிய கடதாசியைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

தலைவர் சனங்களுக்கு விளக்கம் சொன்னார். மருமகன் எங்களுக்குச் சொன்னார், குரல் இறங்க இறங்க.

"மாமா, இவர்தானாம் ரேஸ் ஓடினவர். யேர்மன்காரனாம். முகமெல்லாம் எண்ணெயும் புழுதியுமாம். கண்ணில போட்டிருந்த மூடியைக் கழட்டின இடம்தானாம் வெள்ளை."

பிறகு தலைவர் இவர் பக்கம் திரும்பி, மிக மரியாதையாக ஒன்று கேட்டார்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"உங்கட அப்பா படத்தில எங்க நிக்கிறார் எண்டு கேக்கிறார், மாமா. நான் ஏதும் சொல்லிச் சமாளிக்கட்டே?"

இவர் எழுந்து படத்துக்குக் கிட்டப் போனார். கண்ணாடியைக் கழற்றிக் கோட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மண்டபம் காத்துக்கொண்டு நின்றது. இந்த வயதில் ஒரு மனிதன் தகப்பன் முகத்தைத் தொலைத்துவிட்டு எப்படி வீட்டுக்கு வருவது.

"அவரிட்டச் சொல்லும் தம்பி," என்றார் திரும்பாமலே. "படம் எடுத்தது என்ர அப்பு. எடுக்கிற ஆள் படத்துக்க எப்பிடி நிப்பார்?"

தலைவர் இவருடைய கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். படத்துக்குக் கீழே புதிதாக ஒரு அட்டை எழுதி ஒட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

காரில் மெதுவாகக் கேட்டேன். "இஞ்சருங்கோ, உங்கட அப்புவுக்குப் படம் எடுக்கத் தெரியுமோ?"

"தெரியாமலே இவ்வளவு வடிவா எடுத்தவர்?"

மருமகன் ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

யேர்மன்காரனை இவர் மறுபடியும் பழைய இடத்திலேயே மாட்டினார். எத்தனையோ வருஷம் எங்களிடம் செபம் வாங்கிய ஆள், இனி எங்கே போவான். ஒன்றுதான் மாறியது. நான் சமைக்கிற குசினி வாசலில், படத்துக்கு நேரே ஒரு கதிரை போட்டிருக்கிறார். அப்பு நின்ற இடம் அவ்வளவு தூரம்தான் இருக்குமாம். தேத்தண்ணியோடு அதிலே போய் இருக்கிறார். படத்துக்குக் குறுக்கே வராமல் என்னைத்தான் சுற்றிப் போகச் சொல்கிறார். சுற்றித்தான் போகிறேன்.

பிள்ளை, எழுதினதை ஒருக்கால் வாசி, கேட்பம். சத்தம் போடாதே. அவர் அங்கே இருக்கிறார்.