நான் தோண்டிக் கெடுத்த ஊற்று

எனக்குக் கோர்வையாக எழுத வராது. நாலாம் வகுப்போடு நின்றவள். வயதாகிவிட்டதால் பாதி மறந்தும் போகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஈஸ்டர் கழிந்த வாரம். அப்போது ராயபுரத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை. சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு கிடைத்ததும், அவருடைய அண்ணன், எனக்கு மூத்தார், தன் படகில் எங்களை எண்ணூருக்கு வடக்கே ஒரு மணல் தீவுக்குக் கூட்டிப்போனார். மீன் பிடிப்பது, சுட்டுத் தின்பது, மணலிலேயே படுப்பது, அவ்வளவுதான் திட்டம். அவர் மனைவி, என் ஓரகத்தி, காய்ச்சலென்று கடைசி நேரத்தில் நின்றுவிட்டதால், பெண்பிள்ளை என்று நானும் ஒன்றேகால் வயசு மகளும்தான்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் மணல், அங்கங்கே கொடியும் புதரும். மரம் கிடையாது. துடுப்புகளை நட்டு, பழைய பாய்ச்சீலையை மேலே கட்டி நிழல் செய்துகொண்டோம். கொண்டுபோன குடம் முதல் நாளே காலி. ஆனால் யாரோ தோண்டி வைத்த சின்ன ஊற்று ஒன்று பக்கத்தில் இருந்தது. அத்தனை உப்புக்கு நடுவில் அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது.

மூத்தார் என்னிடம் நேரில் பேசமாட்டார். நானும் அவர் எதிரே நிற்கமாட்டேன். எங்கள் வீட்டு வழக்கம் அது. அதனால் தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"ஊத்துல கைய வெக்க வாணான்னு சொல்லுடா. கொட்டாங்கச்சியால மேலாக்க மொண்டுக்கணும்."

சீலைக்குப் பின்னால் நின்ற எனக்கும் கேட்டது. கையழுக்குப் படக்கூடாது என்கிறார் போல என்று எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்க எனக்கு வாய் ஏது?

மறுநாள் விடிந்ததும் ஆண்கள் இருவரும் படகெடுத்துப் போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. உச்சிப்பொழுதுக்குள் கண் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் தொங்கியது. ஊற்றிலோ ஒரு கொட்டாங்கச்சி ஊறுவதற்குள் என் உயிர் போய் வந்தது. எங்கள் தெருக் கிணறு வற்றினால் ஆளை இறக்கி ஆழப்படுத்துவார்கள். அது ஞாபகம் வந்ததும், இரண்டு கையாலும் முழங்கை ஆழத்துக்குத் தோண்டினேன். தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. மாதாவே என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தேன். குழந்தை முகத்தைச் சுளித்துக் கக்கியது. நான் வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு. தெளியட்டும் என்று விட்டுப் பார்த்தேன். அப்போதும் உப்புதான்.

கடலில் படகு கண்ணுக்கே தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கால் சுட்டதுகூடத் தெரியாமல், உப்பங்கழிப் பக்கம் ஓடினேன். அங்கே சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் அரிக்கிற ஒரு பெண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினேன். கரையேறி வந்து, புதரடியில் வைத்திருந்த கலயத்திலிருந்து பழையசோற்று நீச்சத்தண்ணியை விரலால் தொட்டுத் தொட்டுக் குழந்தை வாயில் விட்டாள். அவசரப்படவே இல்லை. வெகுநேரம் கழித்துக் குழந்தை தானாக நாக்கை நீட்டியது.

அப்புறம்தான் அவளைக் கூட்டிப்போய் ஊற்றைக் காட்டினேன். தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மே இப்டி நோண்டி வெச்சிக்கீற? நல்ல தண்ணி மேலாக்கதான் கீது, அடியில பூரா உப்பு. ஏயெட்டு பொம்பளைங்க இத்த நம்பித்தான் கயில எறங்கி கிளிஞ்ச அரிக்கறோம்."

அது அவர்கள் ஊற்று. என் குழந்தைக்கு ஊட்டியது அன்றைக்கெல்லாம் குடிக்க அவள் வைத்திருந்த கலயம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அயுவாத. கொயந்தையப் பாரு. தூத்துட்டா நாலு நாள்ல அதுவே சரியாவும்."

காலாலேயே மணலைத் தள்ளி மூடினாள். கொடி படர்ந்திருந்த மேட்டுப்பக்கம் போய், ஒரு சாண் ஆழம் மட்டும் கிளிஞ்சலால் வழித்தாள். மெல்ல ஊறியது. தான் ஒரு வாய் குடித்துவிட்டு, அந்த வெயிலில் திரும்பவும் கழியில் இறங்கிப் போனாள்.

பொழுது சாயும் முன்பு குழந்தை ஒன்றுக்குப் போய் என் மடியை நனைத்தது. அந்த ஈரம் பட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. படகு வந்ததும், வாழ்க்கையில் முதல்தடவையாக மூத்தார் எதிரே போய் நின்று, ஊற்றை நான்தான் கெடுத்தேன் என்றேன். அவரும் முதல்தடவையாக என்னைப் பார்த்துப் பேசினார்.

"ஏன்னு சொல்லாதது என் தப்பும்மா."

அன்றே எங்களை எண்ணூரில் சேர்த்துவிட்டு, மறுநாள் ஒரு பீப்பாய் நல்ல தண்ணீரோடு அவர் மட்டும் போனார். வேறு பெண்கள் வாங்கிக்கொண்டார்களாம். அவள் அன்றைக்கு வரவில்லையாம்.

தன் தண்ணீரைக் கெடுத்தவளின் பிள்ளைக்கே தன் தண்ணீரைக் கொடுத்தவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. வருஷமும் இடமும் தப்பாயிருந்தால் தெரிந்தவர்கள் திருத்துங்கள். அதோடு, உப்பேறிய ஊற்று நாலு நாளில் நிஜமாகவே சரியாகுமா, இல்லை என்னைத் தேற்றத்தான் அவள் அப்படிச் சொன்னாளா என்பதையும் அந்தப் பக்கத்துக்காரர்கள் யாராவது விசாரித்து எழுதினால், இந்த வயதிலும் எனக்கு ஒரு பாரம் இறங்கும்.