தாம்போதியில் இறுகிய எஞ்சின்

எஞ்சின் இறுகிய நேரத்தில் நான் மோட்டார் சைக்கிளில் என் கணவருக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கக் கடலுக்கு நடுவே போட்ட பண்ணைத் தாம்போதியின் நடுப்பகுதியில் போய்க்கொண்டிருந்தோம். எதிர்க்காற்றுப் பலமாக இருந்ததால் ஒரு கையால் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்து, மற்றக் கையால் அவருடைய இடுப்பைப் பற்றியிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது. பின்சில்லு உருளுவதை விட்டுவிட்டுத் தாரில் இழுபட்டபடி குறுக்கே திரும்பியது. கடல் எனக்கு மேலே எழும்பி நிற்பதுபோலத் தெரிந்தது. அதற்குப் பிறகு முதுகில் கரைக்கற்கள் இடித்தன.

அவருக்கு முழங்கைத் தோல் உரிந்ததோடு போயிற்று. மோட்டார் சைக்கிள் கற்களில் சறுக்கிப்போய்ப் பாதி தண்ணீருக்குள் கிடந்தது. அந்தப் பக்கமாக வந்த லொறிக்காரர் எங்களை ஏற்றிக்கொண்டுபோய் ஆசுபத்திரியில் விட்டார். சேலையில் இரத்தம் கண்டிருந்ததைப் பார்த்து டொக்டர் என்னிடம் சில கேள்விகள் கேட்டார். நான் பிள்ளைத்தாச்சி என்பது எனக்கே அப்போதுதான் தெரியவந்தது.

“இப்ப தங்கியிருக்கு. ஆனால் எழும்பி நடமாடக் கூடாது. கட்டிலோடை கிடக்கவேணும்,” என்றார்.

எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நான் தீவில் எங்கள் ஊரான கரம்பொனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். அவர் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். அதற்கு முன் மலைநாட்டில் வேலை பார்த்தபோது, தோட்டத்து எஞ்சினியராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போகையில் இவரிடம் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் அது. இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய காலத்து இங்கிலாந்துச் சாமான். அந்த மனிதர் மலைப்பாதைப் பந்தயங்களில் ஓடுவதற்காக அதன் எஞ்சினைக் கழற்றி, அராவி, வேறு பிஸ்டன் போட்டு, பெரிய காபரேட்டர் பூட்டி, தன் விருப்பத்துக்கு மாற்றி வைத்திருந்தார். அதில் ஏறினால் மற்றவர்களின் மோட்டார் சைக்கிள்கள் ஓடாமல் நிற்பதுபோல இருக்கும் என்று இவர் பெருமையாகச் சொல்லுவார்.

நான் கட்டிலில் கிடந்தேன். புரண்டு படுக்கவே பயம். இருமல் வந்தால் பயம். வெளிக்குப் போய்வரும் ஒவ்வொரு முறையும் சேலையைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவேன். மாமி, அவருடைய தாயார், சோற்றைக் கட்டிலுக்கே கொண்டுவந்து தந்தார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த கொட்டிலில் இவர் எஞ்சினைப் பிரிக்கத் தொடங்கியிருந்தார். சிலிண்டரோடு ஒட்டிப்போன பிஸ்டனை எடுக்க மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மரக்கட்டையை வைத்து அடிப்பார். அந்த அடி என் வயிற்றில் விழுவதுபோல இருக்கும். ஒரு நாள் பொறுக்காமல் கூப்பிட்டேன்.

“நான் இப்பிடிக் கிடக்கிறன். உங்களுக்கு அதை அடிச்சுக் கழட்டாட்டில் என்ன?”

அவர் வாசலில் நின்றார். கைகள் கறுத்திருந்தன. “என்ன பிழையெண்டு தெரியாமல் எனக்கு நித்திரை வருகுதில்லையப்பா,” என்றார்.

அதற்குப் பிறகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டுபோய் வேலியோரத்தில் வைத்து அடித்தார். அங்கிருந்தும் கேட்டது.

பிஸ்டன் வெளியே வந்த அன்று எனக்குக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பக்கம் உருகி, காய்ச்சி ஊற்றிய பனங்கட்டி ஆறினதுபோல வழிந்து இறுகியிருந்தது. இரும்பைப்போலக் கெட்டியான ஒரு பொருள் எங்களுக்குக் கீழே அப்படி உருகிக்கொண்டிருந்ததா என்று நினைக்க எனக்கு உடம்பு கூசியது.

காரணத்தைப் பிறகுதான் கண்டுபிடித்தார். காபரேட்டருக்குள் இருந்து ஒரு சின்னப் பித்தளைத் திருகாணியைக் கழற்றி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில் நூல் புகுமளவுக்கு ஒரு துளை. பெற்றோல் அதற்குள்ளால்தான் போகுமாம்.

“மலையிலை காத்து ஐது. அதுக்கு இந்தளவு துளை காணும். இஞ்சை கடல்மட்டத்திலை காத்து அடர்த்தி. அதுக்கேத்த பெற்றோல் போகாமல் எஞ்சின் காய்ஞ்சு சூடேறியிருக்கு.”

“இவ்வளவு காலமும் ஓடிச்சுதே.”

“மெல்ல ஓடேக்கை தாங்கியிருக்கு. அண்டைக்கு எதிர்காத்திலை நல்லா முறுக்கினன்.”

அவருக்கு அது ஆறுதல். எனக்கு இல்லை. அந்தத் துளையை அறியாமலே அவர் இத்தனை நாளும் ஓடியிருக்கிறார். அந்த வெள்ளைக்காரர் வேறு என்னென்ன செய்து வைத்தாரோ, அதெல்லாம் எந்த இடத்தில் எங்களைக் கவிழ்க்கக் காத்திருக்கிறதோ என்றுதான் என் மனம் போனது.

பெண்பிள்ளை பிறந்தாள். கையையும் காலையும் பலமுறை தொட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

எஞ்சின் வேலை தொடர்ந்தது. அந்த நாட்களில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வருவதில்லை. பழைய மொடலுக்குப் பிஸ்டன் எங்கே கிடைக்கும்? புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மிசின் ஒன்றின் பிஸ்டனை வாங்கி, யாழ்ப்பாணத்தில் கடைச்சல் பட்டறையில் கொடுத்து அளவாக்கினார். சிலிண்டரையும் அங்கேயே கடைந்து எடுத்தார். நெருப்புப் பொறி தரும் மக்னீற்றோ உப்புத்தண்ணீரில் கெட்டுப்போனதால், வேறொரு பழைய மோட்டார் சைக்கிளில் இருந்ததைக் கழற்றிப் பூட்டினார். காபரேட்டரின் துளையைப் பெரிதாக்கினார். மழை நாட்களில் சாமான்களை வீட்டுக்குள் பேப்பரில் பரப்பி வைப்பார். பிள்ளை தவழத் தொடங்கியிருந்தாள். ஒரு சின்ன இரும்பு உருளை உருண்டுபோய்க் கிடக்க அவள் அதை வாயில் போட்டுவிடுவாளோ என்று, அவளைத் தரையில் விடுமுன் நிலத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பது எனக்குப் பழக்கமாயிற்று.

முதன்முதல் அதை ஸ்ராட் செய்யப்போன காலையில் என்னையும் கூப்பிட்டார். கைபிடியில் ஒரு சின்ன நெம்பு இருந்தது.

“இதைப் பின்னுக்கு இழுத்தால் பொறி பிந்தி விழும். முந்தி விழுந்தால்தான் திருப்பி உதைக்கும். இப்ப பயமில்லை, பாரும்,” என்று சொல்லி, நெம்பை இழுத்துவிட்டு, உதைபெடலில் வலது காலை வைத்து முழுப் பாரத்தையும் போட்டார்.

துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தம். பெடல் திரும்பி எழும்பி அவரைத் தூக்கி எறிந்தது. அவர் கத்தவில்லை. விழுந்த இடத்தில் இருந்துகொண்டு தன் பாதத்தையே பார்த்தார். அது திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

எலும்பு முறிவுப் பரியாரியார் வந்து இழுத்துச் சரிசெய்து, மருந்து பூசி, மூங்கில் சிலாகை வைத்துக் கட்டினார். அவர் போன பிறகு மாமி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார்.

“பிள்ளை, இது இரண்டாந்தரம். மூண்டாந்தரம் அது ஒரு ஆளைக் கொண்டுபோய்த்தான் விடும். நீ சொன்னால் கேப்பான்.”

மாமி சொன்னது எனக்குள் அப்படியே இறங்கிவிட்டது. அன்று பின்னேரமே அவரிடம் கேட்டேன். “இதை விட்டுவிடுங்கோவன்.”

அவர் கட்டிய காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். “இப்ப விட்டால், நாங்கள் விழுந்த இடத்திலையே நிண்டமாதிரி இருக்குமப்பா,” என்றார். எனக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இருக்கவில்லை.

காலில் கட்டோடு கிடந்தபடியே பிழையைக் கண்டுபிடித்துவிட்டார். மக்னீற்றோவை என்னைக்கொண்டு கட்டிலுக்கு எடுப்பித்துப் பார்த்தார். புதிதாகப் பூட்டியது பழையதற்கு எதிர்மாறாக வேலை செய்வது. நெம்பை இழுத்தால் பொறி பிந்துவதற்குப் பதிலாக முந்தும். அதைக் கண்டதும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

கால் குணமாகி, எஞ்சினும் ஓடியது. முதலில் ஊர் ஒழுங்கைகளில் மட்டும் மெல்ல ஓட்டினார். ஒரு சனிக்கிழமை காலை, யாழ்ப்பாணம் போய் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் திரும்புவதாகச் சொல்லி வெளிக்கிட்டார். தனியாகத்தான். நான் படலையைத் திறந்துவிட்டேன்.

மத்தியானம் வந்தது. சோறு ஆறியது. றோட்டில் கேட்ட ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். மாமி பிள்ளையை மடியில் வைத்தபடி படலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

பஸ் தாம்போதிக்கு வந்ததும் யன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். நாங்கள் விழுந்த இடத்துக்குச் சற்று முன்னால் மோட்டார் சைக்கிள் நின்றது. ஆளைக் காணவில்லை.

எழும்பி முன்னுக்குப் போனேன். “நிப்பாட்டுங்கோ. நான் இறங்கவேணும்.”

“இஞ்சை இறக்கம் இல்லை அக்கா,” என்றார் கொண்டக்டர். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

கற்களுக்குக் கீழே தண்ணீரோரத்தில் அவர் இருந்தார். கால்களைத் தண்ணீருக்குள் விட்டிருந்தார். சேட்டு வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. நான் இறங்கிப் போகும்வரை திரும்பவில்லை.

“திரும்பவும் இறுகிப்போச்சோ?”

“இல்லை. எஞ்சின் நல்லா ஓடுது. இவ்விடத்துக்கு வரக் கை விறைச்சுப்போச்சு. நிப்பாட்டிப்போட்டன். பிறகு வெளிக்கிட ஏலேல்லை.”

“காலமை தொடங்கி இஞ்சையே இருக்கிறியள்?”

“ஓம். திரும்பி வீட்டை வரவும் மனம் வரேல்லை.”

எனக்கு முதலில் கோபம் வந்தது. ஏச வாயெடுத்தேன். அவர் இன்னும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு விட்டுவிட்டேன்.

“எனக்குத்தான் பயம், உங்களுக்கு ஒண்டுமில்லையெண்டு நினைச்சனான்,” என்றேன்.

“அண்டைக்கு எழும்பிப் பாக்க உம்மைக் காணேல்லை. கல்லுக்கு அங்காலை கிடந்திருக்கிறீர். தண்ணிக்குள்ளை போயிட்டீரெண்டு நினைச்சிட்டன்.” காலைத் தண்ணீரில் இருந்து எடுத்துக்கொண்டு, “ஒருத்தருக்கும் சொல்லேல்லை,” என்றார்.

அவருக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்தேன். வெயில் சுட்டது. அடுத்த பஸ் வர நேரமிருந்தது. நான் எப்படி அதைச் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. “வெளிக்கிடுங்கோ. நான் பின்னுக்கு ஏறுறன்.”

“பிள்ளை?” என்று கேட்டார்.

“மாமியோடை நிக்கிறாள்.”

அவர் கேட்டது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் போய்விட்டால் என்பதுதான் கேள்வி.

நெம்பைத் தள்ளி வைத்தார். சரியா என்று திரும்பவும் பார்த்தார். காலை வைத்து உதைத்தார். எஞ்சின் பிடித்தது. நான் ஏறி இரண்டு கைகளாலும் அவரைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திப் போகுமளவுக்கு மெல்லப் போனோம். அந்த இடம் வந்ததும் சத்தம் தணிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர்தான் கையைத் தளர்த்தியிருக்கிறார். பிறகு சத்தம் கூடியது. நான் கண்ணைத் திறந்தபோது யாழ்ப்பாணக் கோட்டை மதில் தெரிந்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் தேத்தண்ணீர் குடித்தோம். அவர் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். திரும்பிப் போவதற்கும் அதே தாம்போதிதான் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“நீர் பஸ்ஸிலை போம். பிள்ளை தேடும்,” என்றார்.

நான் மறுக்கவில்லை. பஸ்ஸின் கடைசி இருக்கையில், பின்கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தேன். அவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். கண்ணாடியில் புழுதி படிந்திருந்ததால் முகம் தெரியவில்லை. ஆள் மட்டும் தெரிந்தது. கரம்பொன் வரும்வரை நான் அவரைவிட்டுப் பார்வையை எடுக்கவில்லை.