டிக் என்று சொன்னது யார்?

தேனியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் என்னைவிட மூத்த கார் ஒன்று நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் ஹார்ன் அடிக்கவில்லை. ஹார்ன் இல்லாமல் சின்னமனூர் ரோட்டில் போவது வாயைக் கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவது மாதிரி.

ஹார்னுக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயில்தான் கோளாறு என்று பட்டது. டப்பாவில் கிடந்த பழைய ரிலே ஒன்றை எடுத்தேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். பேட்டரியிலிருந்து இரண்டு ஒயரை அதன் கால்களில் வைத்தால் உள்ளே ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்டால் உயிர் இருக்கிறது.

மனைவி பக்கத்தில் நிற்க, ஒயரை வைத்தேன். டிக்!

“கேட்டியா?” என்று குதித்தேன்.

“நல்லா கேட்டுச்சுங்க!” என்று அவளும் குதித்தாள்.

ரிலேயை மாட்டினேன். ஹார்ன் மூச்சு விடவில்லை.

“டிக்குன்னுச்சே!” என்று கத்தினேன்.

“அது பல்லி சொன்னதுல்ல? காரியம் பலிக்கும்னு சந்தோசப்பட்டேன். நீங்க எதுக்குக் குதிச்சீக?”

இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அடுத்த ரிலேயைச் சோதிக்கும்போது அவள் சுவரிலிருந்த பல்லியையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் டிக்! என் விரல் நுனியிலேயே அதிர்ந்தது. மாட்டி அமுக்கினேன். தகரமெல்லாம் நடுங்க ஹார்ன் அலறியது. பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியே போனது.

துடிக்கும் வாலைப் பார்த்து மனைவி சொன்னாள்: “நமக்குப் பலிச்சிருச்சுங்க. பாவம், அதுக்குத்தான் யாரும் சொல்லலை போல.”