அவிழாத கவசம்

மைதாப் பசை கொதிக்கும்போது அதில் துளி மயில்துத்தம் போட்டால் ஒரு வாடை வரும்... நாக்கில் செம்புக்காசு வைத்த மாதிரி. நேற்று நம் வாட்ஸ்அப் குரூப்பில் அந்தப் போட்டோவைப் பார்த்ததிலிருந்து மூக்கில் அதே வாடைதான். கல்லூரி விழாவுக்கு ரப்பர் மாதிரி ஒரு ஷீட்டை வெட்டிக் கவசம் செய்திருக்கிறார்கள் பிள்ளைகள். "முதல் தடவை செய்யறோம், தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்று கீழே கேட்டிருந்தார்களாம்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் போனில் எழுதுகிறாள். நடந்துகொண்டே சொல்லாதீர்கள், உட்கார்ந்து சொல்லுங்கள் என்கிறாள். உட்கார முடியவில்லை.

வாலிப வயதில் நான் கிளிஞ்சல்மேட்டில் வலை கட்டிக்கொண்டிருந்தேன். கோயில் திருவிழாவுக்கு நாங்களே நாடகம் போடுவோம். அந்த வருஷம் தளபதி வேஷம் என் கூட்டாளி செல்வராசுக்கு. கவசம் செய்கிற வேலை எனக்கு.

செல்வராசின் அப்பாவுக்கு நாடகம் என்றாலே ஆகாது. மகன் படகை விட்டுவிட்டு வசனம் பேசித் திரிகிறானே என்று எரிச்சல். கடைசியில் ஒரு நாள் சொல்லிவிட்டார்.

"இந்த ஒரு தடவ வந்து பாக்குறன். நல்லா இருந்தா நீ ஒன் இஷ்டத்துக்குப் போ. இல்லன்னா மறுநாளு படகுல ஏறிடணும். பேச்சு மாறக் கூடாது."

செல்வராசு சரி என்றான். அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

எங்கள் ஊரில் பிராந்திக்கடை அட்டைப்பெட்டிக்கு என்றைக்குப் பஞ்சம்? நாலு பெட்டியைப் பிரித்து நனைத்து, மணல் மூட்டையின் மேல் நெஞ்சு மாதிரி வளைத்து, மேலே பேப்பரும் பசையுமாக ஏழு அடுக்கு. மயில்துத்தம் போட்டால் கரப்பான் அண்டாது. காய்ந்ததும் சிகரெட் பெட்டி வெள்ளித்தாள். வெயிலில் வைத்தால் கண் கூசும்.

செல்வராசை நிற்கவைத்து அளவெடுத்திருந்தேன், சட்டைக்கு எடுக்கிற மாதிரி. அதுதான் முதல் தப்பு. உட்கார்ந்தான், விளிம்பு ஏறித் தாடையில் இடித்தது. வாளைத் தூக்கினான், அக்குளை அறுத்தது.

"என்னடா இது, கவசமா கூண்டா?"

இடுப்பில் மூன்று விரல் வெட்டினேன். அக்குளில் பிறை மாதிரி வளைத்து வெட்டி, பழைய வேட்டித்துணி ஒட்டினேன். பிள்ளைகளே, உட்காரவைத்து அளவெடுங்கள். கையைத் தூக்கச் சொல்லி எடுங்கள். மூச்சை இழுத்துவிடச் சொல்லி எடுங்கள்.

ஒத்திகையில் இன்னொன்று. தோளில், இழுத்தால் அவிழும் சுருக்காகத்தான் போட்டிருந்தேன். வாளை வீசியதும் அது தானாக அவிழ்ந்து, கவசம் முழங்காலுக்கு வந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். செல்வராசு என்னைப் பார்த்த பார்வை... "எங்கப்பா முன்னாடி இப்புடி வுழுந்துச்சின்னா என் கத முடிஞ்சிது காத்தா" என்றான்.

அந்தப் பயத்தில்தான் நாடகத்தன்று வலை முடிச்சுப் போட்டேன். பருத்திக் கயிறு, இரண்டு தோளிலும் இரட்டை முடிச்சு. நாள் முழுக்க என் கை போடுகிற முடிச்சு அது ஒன்றுதானே. கடலுக்குள் கிடந்தாலும் அவிழாது. நனைய நனைய இறுகும்.

நனைய நனைய இறுகும். அதை நான் யோசிக்கவில்லை.

சாயங்காலம், இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அவன் அப்பா முன்வரிசையில் மணலில் உட்கார்ந்திருக்கிறார். செல்வராசு நன்றாகத்தான் செய்தான். சத்தியமாக நன்றாகச் செய்தான். முதுகெல்லாம் வியர்வை ஓடுகிறது. கடைசிக் காட்சியில் தளபதி தன் கவசத்தைக் கழற்றி ராஜா காலடியில் வீச வேண்டும். "இந்தா, நீ கொடுத்தது!" என்று இழுத்தான். வரவில்லை. வசனத்தை இன்னொரு தடவை சொன்னான். ஊஹூம்.

"ராசா, பாத்துக்கிட்டே இருக்கியே, நீயாச்சும் அவுத்துவுடேன்" என்று கூட்டத்தில் ஒருத்தன். சிம்மாசனத்தை விட்டு ராஜா இறங்கி வந்து முடிச்சைப் பல்லால் கடித்தார். சிரிப்பு கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததை மறுநாள் மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். நான் அரசலாறு முகத்துவாரம் வரைக்கும் ஓடிவிட்டேன். செல்வராசின் அப்பாதான் எழுந்து மேடையேறி, இடுப்புக் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுத்தாராம். "வல முடிச்சிப் போட்டிருக்கான் பாரு" என்றாராம். கத்தியைச் செருகிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாராம்.

விடிந்ததும் செல்வராசு படகில் ஏறிவிட்டான்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டது அவன்தான். அவன் அப்பாவைப் பாடையில் தூக்கியதில் ஒரு தோள் என்னுடையது. மீன் விலையிலிருந்து முட்டிவலி வரைக்கும் பேசியாயிற்று. இதை மட்டும் அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது ஏதோ நாடாவாம், ஒட்டினால் பிடித்துக்கொள்கிறதாம், இழுத்தால் கிர்ரென்று பிரிகிறதாம். போட்டோவில் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு சாண் நாடா அன்றைக்கு இருந்திருந்தால்...

காலையில் அந்தப் போட்டோவை, இன்னும் கிளிஞ்சல்மேட்டிலேயே இருக்கும் செல்வராசுக்கு அனுப்பச் சொன்னேன். "அந்த முடிச்சை நான் போட்டிருக்கக் கூடாதுடா" என்று கூடவே பேசியும் அனுப்பினேன். மத்தியானம் வரைக்கும் பதில் இல்லை. இப்போது நான் இருக்கும் கோவில்பத்தில் எங்கள் தெருவை எத்தனை தடவை நடந்தேனோ. அப்புறம் அவன் குரல் வந்தது.

"முடிச்சுல என்னடா இருக்கு. நானே இருந்தாலும் அதத்தான் போட்டிருப்பன். மேடையில நின்னு ஒன்னத்தான் தேடுனன் காத்தா. எந்தப் பிரியத் தள்ளணும்னு போட்டவன் கையிக்குத் தெரியும், ஒரு நொடியில அவுந்திருக்கும். அந்தப் புள்ளைங்களுக்கு அதச் சொல்லு... கட்டுனவன் ஓடிறக் கூடாதுன்னு."

மூன்று தடவை போடச் சொல்லிக் கேட்டேன்.

சொல்லிவிட்டேன், பிள்ளைகளே. நாடாவோ கயிறோ, எதுவாக இருந்தாலும் கட்டிவிட்டவர் கையெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

மருமகள் இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்கிறாள். இல்லை. கிளிஞ்சல்மேட்டுக்கு ஒரு ஆட்டோ பிடித்துக்கொடு என்கிறேன்.